காளையைப் படித்தவர்கள்

ரோமானிய வெண்கலக் காசு சேகரிப்பவர்களுக்கு வேதப்புத்தகம் என்று ஒன்று உண்டு என்றால் அது 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்'. பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி 1923ல் வந்தது, பத்தாவது 1994ல். அகஸ்டஸ் தொடங்கி கி.பி. 491 வரைக்கும் பேரரசு அடித்த காசுகளுக்கு எண் கொடுத்து, எந்த ஊர் நாணயச்சாலை, எந்த வருஷம், தலைப் பக்கத்தில் என்ன எழுத்து, பூப் பக்கத்தில் என்ன படம் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை ஆரம்பித்து அடுத்த தலைமுறை முடித்த வேலை.

இந்தப் புத்தகத்தை யாரும் இலக்கிய விமர்சனம் செய்ய மாட்டார்கள். டெலிபோன் டைரக்டரியை யார் விமர்சனம் செய்வார்கள்? ஆனால் எனக்கு இது ஒரு வாசிப்பு முறையைக் கற்றுக்கொடுக்கும் நூலாகத்தான் படுகிறது. ஒரு காசை எப்படிப் படிக்க வேண்டும், எதைப் பார்த்ததும் படித்து முடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லித்தருகிறது. அந்த வாசிப்பு முறை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஒரு பெரிய புகாரும் உண்டு. முதலில் மரியாதை.

*

ஒரு சின்ன காசை எடுத்துக்கொள்வோம். பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் இருக்கும், நம் பழைய ஐம்பது பைசாவைவிடச் சின்னது. களிம்பு பிடித்துப் பச்சையும் கறுப்புமாகக் கிடக்கிறது. தலைப் பக்கத்தில் வலது பார்த்த முகம். தலையில் வாகை இலை மாலை இருக்கா, முத்துக் கோத்த பட்டை இருக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டை இருந்தால் காசு பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டின் இரண்டாவது கால்பகுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது என்று ஊகிக்கலாம். சுற்றி எழுத்து. பாதி தேய்ந்திருக்கும். பரவாயில்லை, 'கான்ஸ்டான்' வரை தெரிந்தால் போதும். அடுத்த எழுத்துகளில்தான் அப்பாவா, மகன்களில் ஒருவரா என்பது இருக்கு. கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர் காசு சேகரிப்பவர்களைப் பற்றிக் கவலையே படவில்லை.

திருப்பிப் போட்டால் பூப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். சுற்றி 'குளோரியா எக்ஸெர்சிட்டஸ்', படையின் புகழ் என்று எழுத்து. நடுவில் படைக்கொடி. கொடியை எண்ண வேண்டும். இரண்டு கொடி இருந்தால் கி.பி. 330லிருந்து 335க்குள். ஒரு கொடி என்றால் 335க்குப் பிறகு. காசின் எடையைக் குறைத்தபோது வட்டமும் சுருங்கியது, இரண்டு கொடிக்கு இடம் போதவில்லை, ஒன்றை எடுத்துவிட்டார்கள். இதை முதல்முறை தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒரு பேரரசின் பட்ஜெட் பற்றாக்குறையை ஒரு கொடியை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்!

சிப்பாய்களின் காலடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று நான்கு எழுத்து. அதுதான் ஊர்ப் பெயர். 'ஏ, என், டி' என்றால் அந்தியோக்கியா. 'எஸ், ஐ, எஸ்' என்றால் சிஸ்கியா, இன்றைய குரோஷியாவில் இருக்கிறது. 'டி, ஆர்' என்றால் ஜெர்மனியின் டிரியர். கூடவே எந்தப் பட்டறை என்பதற்கும் ஓர் எழுத்து. கிழக்கே உள்ள ஊர்களில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க வரிசை. மேற்கே லத்தீனில் முதலாவது, இரண்டாவது என்பதற்கான முதலெழுத்து. எடை குறைவான காசு வந்தால் எந்தப் பட்டறையைக் கேட்க வேண்டும் என்று மேலதிகாரிக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு.

இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டலாக்கைப் புரட்டினால் ஓர் எண் கிடைக்கும். அவ்வளவுதான், காசு அடையாளம் காணப்பட்டுவிட்டது. நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியையும் ஐந்தாம் நூற்றாண்டையும் சேர்ந்த காசுக்கு இன்னும் கைக்கடக்கமான புத்தகம் ஒன்று உண்டு. கார்சன், ஹில், கென்ட் மூவரும் சேர்ந்து 1960ல் கொண்டுவந்த 'லேட் ரோமன் பிரான்ஸ் காயினேஜ்'. பூப் பக்கத்தில் பாதிதான் தெரிகிறது என்றாலும் வழி சொல்லும். இப்போது அமெரிக்க நாணயவியல் சங்கம் பேரரசுக் காசுகளின் எண்களையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. காசு இல்லாமலே காசு படிக்கலாம்.

இது நல்ல பயிற்சி. கவிதையைப் பற்றி எதையாவது சொல்வதற்கு முன்னால் கவிதையில் என்ன இருக்கிறது என்று பார் என்று நமக்குச் சொல்வார்கள், நாம் கேட்பதில்லை. காசு அப்படி விடாது. கொடி ஒன்றா இரண்டா என்று பார்க்காமல் நீங்கள் ஒரு வார்த்தை பேச முடியாது.

*

இனி புகார். கி.பி. 348 வாக்கில் ஒரு புதுக் காசு வரிசை வந்தது. கான்ஸ்டன்டைனின் மகன்களில் மிஞ்சியிருந்த இருவர், கிழக்கே இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், மேற்கே கான்ஸ்டான்ஸ், சேர்ந்து வெளியிட்டது. 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்று எழுத்து. இனிய காலம் மீட்கப்பட்டது என்று பொருள் கொள்ளலாம். ரோம் நகரம் உண்டாகி 1100 வருஷம் ஆகிறது என்ற கணக்கும் அந்த வருஷத்தில் வருகிறது, அதை ஒட்டித்தான் இந்த வாசகம் என்பார்கள்.

ஆரம்பத்தில் இந்த ஒரே வாசகத்துக்குப் பல படங்கள் இருந்தன. உருண்டை மேல் நிற்கும் ஃபீனிக்ஸ் பறவை. படகில் கொடியோடு நிற்கும் பேரரசர். மரத்தடிக் குடிசையிலிருந்து குட்டி உருவம் ஒன்றைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவரும் சிப்பாய். கடைசியாக, குதிரையிலிருந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் சிப்பாய். விழுகிறவன் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுகிறான், கெஞ்சுகிறான் போல. நான்கைந்து வருஷம் போனது. பறவை போச்சு, படகு போச்சு, குடிசை போச்சு. குத்துகிற படம் மட்டும் நின்றது. காசும் சுருங்கியது. ஐந்து கிராம் அளவில் ஆரம்பித்தது 353 வாக்கில் சுமார் இரண்டரை கிராம். இனிய காலம் மீட்கப்பட்டது என்ற வாசகம் மட்டும் அப்படியே இருந்தது.

கேட்டலாக் இதையெல்லாம் சரியாகப் பதிவு செய்கிறது. எட்டாம் தொகுதியில் கென்ட் ஊர் ஊராக வரிசைப்படுத்தியிருப்பதைப் பார்த்தால் பொறுமையின் உச்சம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கங்களில் பேசுகிற ஒரே ஆள் அரசு. அது என்ன சொன்னது, எந்த ஊரில் சொன்னது, எத்தனை தரம் சொன்னது. கேட்டவன் என்ன சொன்னான்? இனிய காலம் என்று எழுதிய அரைக் காசை வாங்கிக்கொண்டு மீன் விற்றவள் என்ன நினைத்தாள்? அதற்குப் பத்தி இல்லை.

கேட்டலாக்கின் வேலை அது இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு துறையின் மூலநூல் எதை விட்டுவிடுகிறதோ, அதைத் துறையில் வளர்கிறவர்கள் இல்லாத ஒன்றாகவே நினைத்துப் பழகிவிடுகிறார்கள். அரசு சொன்னதே காசின் அர்த்தம், எண் கிடைத்தால் வாசிப்பு முடிந்தது என்ற பழக்கம் அப்படி வந்ததுதான்.

*

யாருமே காசைப் படிக்கவில்லை என்று சொன்ன ஆளும் இருக்கிறார். ஏ.எச்.எம். ஜோன்ஸ், பிற்கால ரோமின் பொருளாதாரத்தையும் நிர்வாகத்தையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்ட வரலாற்றாசிரியர். 1956ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை நாணயவியலாளர்கள் நடுவில் கல்லெறிந்தது போல ஆயிற்று. அவர் வாதம் சுருக்கமாக இது: காசில் இருக்கும் படங்கள் தபால்தலையில் இருக்கும் படங்கள் மாதிரி. யாரோ ஓர் அதிகாரி தேர்ந்தெடுத்தது. மக்கள் அதைக் கவனித்தார்கள் என்பதற்குச் சான்று அரிது. நாணயவியலாளர்கள் படத்துக்குப் பொருள் சொல்வதை விட்டுவிட்டு எடை, உலோகம், புழக்கம் என்று பொருளாதாரத்தைப் பார்க்கட்டும். மூன்று வருஷம் கழித்து சி.எச்.வி. சதர்லாந்து பதில் எழுதினார். புரியாத படங்களை நூற்றாண்டுக் கணக்கில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்க எந்த அரசுக்கும் அவசியமில்லை என்ற பக்கம் நின்றார்.

இந்தச் சண்டை நமக்குப் பழக்கமானதுதான். ஆசிரியர் நினைத்தது முக்கியமா, வாசகர் எடுத்துக்கொண்டது முக்கியமா என்று இலக்கியக் கூட்டங்களில் எத்தனை சாயங்காலம் போயிருக்கு!

ஜோன்ஸ் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பையில் இருக்கும் பத்து ரூபாய்க் காசில் என்ன படம் என்று இப்போதே கேட்டால் உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்? ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாதபடி இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இரண்டுமே வெண்கலக் காசைப் பற்றியவை.

முதல் சாட்சி எபிக்டெட்டஸ். அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியர் ஆனவர். மனிதரை அவரவர் குணத்தின் முத்திரையை வைத்து எடை போட வேண்டும் என்று சொல்ல வருகிறார், அதற்குக் காசை உதாரணம் காட்டுகிறார். இந்த நாலு அஸ் காசில் யார் முத்திரை? டிராஜனா, கொண்டா. நீரோவா, தூக்கியெறி, செல்லாது. மாணவர்களிடம் பேசும்போது உதாரணமாக எடுத்தாளும் அளவுக்கு, காசில் யார் முகம் என்று பார்ப்பது சாதாரண விஷயமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது சாட்சி இன்னும் சுவாரஸ்யம். அதுக்குக் காளை காசுக்கு வர வேண்டும்.

*

கி.பி. 361ல் ஜூலியன் பேரரசர் ஆனார். கான்ஸ்டன்டைன் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். தத்துவவாதிகள் போலத் தாடி வளர்த்தவர். சுருங்கிக் கிடந்த வெண்கலக் காசைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். எட்டு ஒன்பது கிராமில், அகலமாக, கனமாக ஒரு புதுக் காசு. தலைப் பக்கம் தாடியோடு அவர் முகம். பூப் பக்கம் ஒரு காளை நிற்கிறது, அதன் மேல் இரண்டு நட்சத்திரம். 'செக்யூரிதாஸ் ரெய்புப்', அரசின் பாதுகாப்பு என்று எழுத்து.

இந்தக் காளை என்ன சொல்ல வருகிறது? ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எகிப்தின் ஆபிஸ் காளை என்கிறார்கள் சிலர். பலி கொடுக்கும் காளை என்கிறார்கள் சிலர். மந்தையைக் காக்கும் தலைவன், அதாவது ஜூலியனே என்று ஒரு கட்சி. ராசிக் கட்டத்தில் இருக்கும் ரிஷபம் என்று இன்னொரு கட்சி. படைத்தவரின் மனதுக்குள் போவதற்கான முயற்சிகள் எல்லாமே.

362ல் ஜூலியன் அந்தியோக்கியாவுக்கு வந்தார். பாரசீகத்தின் மேல் படையெடுப்பதற்கு அங்கே தங்கி ஏற்பாடு செய்தார். ஊரில் தானியத் தட்டுப்பாடு, விலை ஏறிக் கிடந்தது. அவர் விலைக்கு வரம்பு வைத்தார், வெளியூர்களிலிருந்து தானியம் வரவழைத்தார். பணக்காரர்கள் அதை வாங்கிப் பதுக்கினார்கள். இந்த நிலையில் பேரரசர் கோயில் கோயிலாகப் போய்க் காளைகளைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் மதிப்பு வைத்திருந்த வரலாற்றாசிரியர் அம்மியானுஸே, இவர் பாரசீகத்திலிருந்து உயிரோடு திரும்பியிருந்தால் மாட்டுக்கே பஞ்சம் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டதைப் பதிவு செய்கிறார்.

அந்தியோக்கியாக்காரர்களுக்கு வாய் அதிகம். தாடியைப் பிடித்துக் கேலி செய்தார்கள். அதைத் திரித்தால் கயிறு செய்யலாம் என்றார்கள். காசில் இருந்த காளையையும் விடவில்லை. அடுத்த நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சாக்ரடீஸ் அந்தக் கேலியைச் சொல்கிறார்: காளையைக் காசில் போட்டிருக்கிறாரே, உலகத்தையே கவிழ்த்துப் போட்டவர் என்பதற்குச் சரியான அடையாளம்தான். ஜூலியனுக்கு இது காதில் விழுந்தது. கோபத்தில் யாரையும் தூக்கில் போடவில்லை. தன்னையே கிண்டல் செய்துகொள்வது போல எழுதி, ஊரைத் திட்டும் 'மிசோபோகன்' என்ற அங்கத நூலை வெளியிட்டார். தாடி வெறுப்பவன் என்று அர்த்தம். தன் காசையும் இந்த ஊர் கேலி செய்தது என்று அதில் அவரே சொல்கிறார். 363ல் ஊரை விட்டுக் கிளம்பினார். அந்த வருஷம் ஜூன் மாதம் போர்க்களத்தில் இறந்துபோனார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரே விஷயம். அந்தியோக்கியாக்காரர்கள் காசைப் படித்திருக்கிறார்கள், கூர்ந்து படித்திருக்கிறார்கள். எழுத்து பாதுகாப்பு என்றது. படம் காளை என்றது. இரண்டையும் சேர்த்து, மாடு மாடாக வெட்டிக்கொண்டிருக்கும் ஆளையும் ரொட்டி கிடைக்காத தெருவையும் சேர்த்துப் படித்தார்கள். ஜோன்ஸ் நினைத்தது போல அவர்கள் அலட்சியமாக இல்லை. அரசு எழுதியதை அரசு எழுதிய மாதிரியே புரிந்துகொள்ளவும் இல்லை. படத்தை வாங்கிக்கொண்டு அர்த்தத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

கேட்டலாக்கில் இந்தக் காசுக்கு ஊர்வாரியாக எண்கள் இருக்கின்றன. காளை வலது பார்க்கிறது, மேலே இரண்டு நட்சத்திரம், கீழே ஊர் எழுத்து. கேலி இல்லை. காளையின் நோக்கம் பற்றி இத்தனை கட்சிகள் இருக்கும்போது, அதன் வாசிப்பு பற்றி நமக்கு உறுதியாகக் கிடைத்திருக்கும் சாட்சி அந்தக் கேலிதான். நான் அதை அந்தக் காசின் உரை என்பேன்.

*

கேலி செய்ய முடிந்தவர்கள் வாயால் பதில் சொன்னார்கள். வேறு சிலர் காசாகவே பதில் சொன்னார்கள். குதிரையிலிருந்து விழுகிறவன் படத்தை எடுத்து பிரிட்டனிலும் காலியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) உள்ளூர்க்காரர்கள் தாங்களே காசு அடித்தார்கள். சில்லறை வந்து சேரவில்லை, சந்தை நடக்க வேண்டும், வேறென்ன செய்வார்கள்? சிப்பாய் குச்சி மனிதன் ஆனான். குதிரை நாலு கோடு ஆனது. 'ஃபெல் டெம்ப்' வெறும் கீறல்கள் ஆனது. சிலர் பழைய கான்ஸ்டன்டைன் காலத்துக் காசின் மேலேயே புது அச்சை வைத்து அடித்தார்கள். உற்றுப் பார்த்தால் அடியில் பழைய சிப்பாய் தெரிவான்.

சேகரிப்பவர்களின் பேச்சில் இதற்குப் பெயர் 'பார்பரஸ் இமிட்டேஷன்', காட்டுமிராண்டிப் போலி. பெரும்பாலும் எண் கிடையாது. எண் இல்லாததால் மதிப்பும் குறைவு. நகல் எடுத்தவனை எழுதத் தெரியாதவன் என்று பார்க்கிறது இந்தப் பெயர். எனக்கு அவன் ஒரு தேர்ந்த வாசகனாகத் தெரிகிறான். காசு காசாக இருக்க எது அவசியம், எது அவசியமில்லை என்று முடிவெடுத்திருக்கிறான். குத்துகிற ஆள் வேண்டும், விழுகிற ஆள் வேண்டும். இனிய காலம் வேண்டாம்.

இந்த நகல் எடுக்கும் வேலை ரோமின் எல்லையோடு நிற்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் கடைசியிலும் ஐந்தாம் நூற்றாண்டிலும் அடிக்கப்பட்ட சின்னச்சின்ன வெண்கலக் காசுகள், தியோடோசியஸ், ஆர்கேடியஸ் பெயர் தாங்கியவை, இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சீகிரியாவிலும் கிடைத்தன. அசல்களோடு சேர்ந்து அங்கேயே அடித்த நகல்களும் இருக்கின்றன. லத்தீன் படிக்கத் தெரியாத, தெரிய வேண்டிய அவசியமும் இல்லாத ஒரு தீவில் ரோமின் அரைக் காசு உள்ளூர்ச் சில்லறை ஆகிவிட்டது.

அதே வகைக் காசுகள் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகையிலும் கிடைத்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 'லேட் ரோமன் காப்பர் காயின்ஸ் ஃப்ரம் சவுத் இந்தியா: கரூர் அண்ட் மதுரை' என்று தலைப்பு. நான் மேலே பேசிய பெரிய கேட்டலாக்குகளோடு ஒப்பிட்டால் சின்ன புத்தகம்தான். ஆனால் தலைப்பையே பாருங்கள், ஊர்ப் பெயர் இருக்கு. பெரிய கேட்டலாக்கில் ஊர் என்றால் காசு பிறந்த ஊர். இங்கே ஊர் என்றால் காசு போய்ச் சேர்ந்த ஊர். அந்த இரண்டு பெயர்களால் நமக்குக் கிடைப்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். யவன வணிகம் என்றதும் நாம் சங்ககாலத்துக்கும் பொன்னுக்கும் மிளகுக்கும் ஓடுவோம். அதற்குப் பின் வரும் நூற்றாண்டுகளைக் களப்பிரர் காலம், இருண்ட காலம் என்று தாண்டிப் போவோம். இந்தச் செப்புக் காசுகள் அடிக்கப்பட்டது அந்த இருண்ட காலத்தில்தான், இங்கே வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. ஒரு கிராம் அளவே இருக்கும் சில்லறையைப் பொக்கிஷமாகப் பூட்டி வைக்க யாரும் கடல் தாண்டிக் கொண்டுவர மாட்டார்கள். யாரோ வந்தார்கள், யாரோ வாங்கினார்கள், விற்றார்கள். ஊர்ப் பெயரை அழித்துவிட்டால் அவை வெறும் தேய்ந்த தியோடோசியஸ் காசுகள். நூறு ரூபாய்க்கும் தேறாது.

*

என் புகார் இங்கேதான் வந்து நிற்கிறது. இன்று சந்தைக்கு வரும் ரோமானிய வெண்கலக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த ஊர் கிடையாது. கழுவாத காசு என்று மண்ணோடு கிலோ கணக்கில் விற்கிறார்கள். பால்கன் பகுதி வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டியவை அதில் ஏராளம். எந்த வயல், எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது, எல்லாம் முதல் வியாபாரியின் வாளியிலேயே கலந்துவிடும். வாங்குபவர் காய்ச்சி வடித்த நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, மரக்குச்சியால் சுரண்டி, எழுத்து தெரிய வைத்து, கேட்டலாக்கைப் பார்த்து எண் கண்டுபிடிப்பார். அந்த வேலையில் இருக்கும் பொறுமையையும் மகிழ்ச்சியையும் நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது அட்டையும் கடைசிப் பாதியும் கிழிக்கப்பட்ட புத்தகம். அரசு எழுதிய பகுதி மட்டும் பத்திரமாக இருக்கு. வாசகர்கள் ஓரத்தில் எழுதிய குறிப்பெல்லாம் மண்ணோடு கழுவப்பட்டுவிட்டது.

கிடைத்த இடம் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2010ல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருவருடைய டிடெக்டர் ஒலித்தது. தோண்டினார், பானையும் காசும் தெரிந்தன. அவர் அத்தோடு தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். அந்த ஒரு முடிவை நான் எந்தக் கட்டுரையைவிடவும் உயர்ந்த விமர்சனச் செயல் என்று சொல்வேன். தொல்லியலாளர்கள் வந்து பானையை அடுக்கு அடுக்காகப் பிரித்தார்கள். 52,503 காசு, சுமார் 160 கிலோ, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குவியலில் கடைசியாக அடிக்கப்பட்டவை காரௌசியஸ் என்பவருடையவை. யாரோ வருஷக்கணக்கில் சேர்த்திருந்தால் அவை மேலே இருந்திருக்க வேண்டும். பெரும்பகுதி நடுவுக்குக் கீழே கிடைத்தன. ஆக, பானை ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருக்கிறது. அந்தக் கனத்தோடு மெல்லிய பானையைத் தூக்கவும் முடியாது. முதலில் பானையைப் புதைத்துவிட்டுப் பிறகு காசைக் கொட்டியிருக்கிறார்கள். சேமிப்பா, தெய்வத்துக்குக் காணிக்கையா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் எழுந்தது. தனித்தனியாகக் கழுவி எண் போட்டு விற்றிருந்தால் 52,503 எண்கள் கிடைத்திருக்கும். இந்தக் கேள்வி கிடைத்திருக்காது.

சேகரிப்பவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாமல் கேட்டலாக்கே இல்லை, பல காசுகள் அவர்கள் பெட்டியிலிருந்துதான் புத்தகத்துக்கு வந்தன. கரூர்க் காசுகளும் ஒரு சேகரிப்பாளர் அக்கறை எடுத்ததால் அச்சேறியவை. தேய்ந்த வெண்கலக் காசை எந்த அருங்காட்சியகமும் கோடிக்கணக்கில் பராமரிக்க முடியாது என்பதும் உண்மை. இங்கிலாந்தில் 1997லிருந்து, தோண்டுகிறவர்களே கண்டதைப் பதிவு செய்ய ஓர் ஏற்பாடு நடக்கிறது. லட்சக்கணக்கான பொருள்கள் கிடைத்த இடத்தோடு பொதுப் பார்வைக்கு வந்திருக்கின்றன. ஆசையையும் அக்கறையையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது சாட்சி. நம் ஊரில் 1878ல் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். ஆற்று மணலில் சல்லடை போடுகிறவரை அந்தச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கிறது, சாட்சியாகப் பார்ப்பதில்லை. அதனால் அவர் எந்த இடம் என்று யாரிடமும் சொல்வதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு ரோமானியக் காசு வாங்கிப் பார்க்க ஆசை வரலாம். பழைய புத்தகக்கடை ஆசை மாதிரிதான் இதுவும். அப்படி வந்தால் விற்பவரிடம் இது எந்தப் பேரரசர், என்ன எண் என்று கேட்காதீர்கள், அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். எண்களும் படங்களும் இணையத்தில் இலவசம்.

அந்தியோக்கியாவில், இன்றைய துருக்கியின் அந்தாக்கியாவில், 1930களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் முன்னின்று அகழாய்வு நடத்தியது. கிடைத்த காசுகளை டோரதி வாகே பட்டியலிட்டு 1952ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பளபளப்பான படங்கள் உள்ள ஏலக் கேட்டலாக்கோடு ஒப்பிட்டால் வறண்ட பட்டியல்தான், தேய்ந்த சில்லறைகள் வரி வரியாகப் போகும். ஆனால் அந்தப் பட்டியலில் வரும் எந்த வெண்கலக் காசும் அந்தத் தெருக்களில் விழுந்தது, ரொட்டிக்கு விலை பேசி, ராஜாவின் தாடியைக் கேலி செய்தவர்கள் நடமாடிய அதே தெருக்களில். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அந்தாக்கியா இடிந்து போனது. அந்தப் பட்டியல் இருக்கிறது.